எஸ்தர் வீட்டு முனையில் உடைத்த பூசணிக்காய்

1

போன வாரம் ஆயுத பூஜை வந்து போனது. கார் சாவி, லேப்டாப், தையல் மெஷின், என் மஞ்சள் ஹெல்மெட், எல்லாவற்றுக்கும் என் மனைவி வனஜா சந்தனம் குங்குமம் வைத்தாள். பொரி, கடலை, வாழைப்பழம் என்று ஒன்றும் குறையில்லை. பூசணிக்காய் மட்டும் வாங்கவில்லை. வாங்கலாமா என்று அவளும் கேட்கவில்லை, வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. இங்கே அக்டோபரில் எந்தக் கடைக்குப் போனாலும் வாசலிலேயே பூசணியை மலையாகக் குவித்து வைத்திருப்பார்கள். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளுவண்டியோடு உள்ளே போய்விட்டோம்.

மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு, ஒரு பூசணிக்காய்க்கு இவ்வளவு பீடிகையா என்று தோன்றும். எங்கள் அப்பா மந்தைவெளியில் டூவீலர் மெக்கானிக். ஆயுத பூஜை சாயங்காலம் கடை வாசலில் அவர் உடைக்கிற பூசணிக்காய் எதிர் டீக்கடை பெஞ்சு வரைக்கும் தெறிக்கும். தெரு முழுக்கச் சிவப்பு. பைக்கில் வந்து சறுக்கி விழுகிறவன்கூட “எவன்டா நடு ரோட்ல ஒடச்சது” என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, முட்டியைத் தடவிக்கொண்டு போய்விடுவான். உடைத்தவன் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்பது சாஸ்திரம். மிச்சத்தை மறுநாள் மாடு பார்த்துக்கொள்ளும்.

இந்த ஊரில் மாடு இல்லை. அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

2

அமெரிக்காவில் என்ன வேலை என்று ஊரில் கேட்டால், ரோடு காண்ட்ராக்டரிடம் இன்ஜினியர் என்று சொல்லி முடித்துவிடுவேன். இன்று கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் இருப்பது டெட்ராய்ட். ஊரை ஒட்டி ஒரு ஆறு, அக்கரை கனடா. ஆற்றின் மேல் எல்லையைக் கடக்கப் புதிதாக ஒரு பெரிய பாலம். பாலம் கட்டினால் மட்டும் போதுமா, அதில் லாரி வந்து ஏற வேண்டாமா? ஊருக்கு நடுவே பள்ளமாக வெட்டிய ஃப்ரீவே ஒன்று பல காலமாக ஓடுகிறது. அதைப் பெயர்த்து, குறுக்கே போன சின்னப் பாலங்களை இடித்துத் திரும்பக் கட்டி, லாரிகள் தெருவுக்குள் நுழையாமல் நேரே எல்லைப் பாலத்தில் ஏறும்படி கிளைச்சாலைகள் போட வேண்டும். அந்தக் கிளைச்சாலையைத்தான் ராம்ப் என்கிறார்கள். ராம்ப் நிற்கத் தூண் வேண்டும், தூண் நிற்க இரும்பைப் பூமிக்குள் அடித்து இறக்க வேண்டும். அடிக்கும்போது அக்கம்பக்கத்து வீடுகள் அதிரும். அந்த வீடுகளில் மீட்டர் மாட்டி, அதிர்வு அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வேலையை விடுவது, மீறினால் நிறுத்துவது, இதுதான் என் பிழைப்பு.

அப்படி மீட்டர் மாட்டிய வீடுகளில் ஒன்று மிஸ் எஸ்தருடையது. நம் சாந்தோம் பக்கம் தெருவுக்கு நாலு எஸ்தர் இருப்பார்கள், அதனாலோ என்னவோ பெயரைக் கேட்டதுமே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கறுப்பினப் பெண்மணி. ஸ்கூல் பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். எதிர்ச்சாரி வீடுகள் எல்லாம் ரோட்டுக்குப் போய்விட்டன. அவர் சாரி தப்பித்தது, அதில் முனை வீடு அவருடையது. அவர் அம்மா வாங்கிய வீடு. கூடத்துச் சுவரில் மேலிருந்து ஜன்னல் வரை ஒரு விரிசல், பழசுதான்.

ரோடு விட்டாலும் தரகர்கள் விடவில்லை. பாலம் திறந்தால் லாரி நிறுத்த இடத்துக்கு அடிதடி நடக்கும் என்று அந்தச் சாரியை மொத்தமாக வளைக்கப் பார்த்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கதவைத் தட்டுவார்கள். தபால் பெட்டியில் ‘விற்றுவிடு’ என்று பெயரில்லாத சீட்டு கிடக்கும். ஒருநாள் யாரோ கல்லெறிந்து குளியலறை ஜன்னலை உடைத்துவிட்டுப் போனான். அட்லாண்டாவில் இருக்கும் தங்கை, வந்து என்னோடு இரு, அந்த வீடு ஒருநாள் உன் தலையில் விழப் போகிறது என்று போனில் அழுவாள். எஸ்தர் அவளிடம் சொல்லும் பதில் ஒன்றுதான்: மீட்டர்காரன் வாரா வாரம் வந்து பார்க்கிறான், சுவர் நிற்கும் என்கிறான், நான் இங்கேதான் சாவேன்.

அந்த மீட்டர்காரன் நான். என் வார்த்தையை நம்பி ஒரு மனுஷி ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது, பெருமையாகக்கூட இருந்தது.

3

போன வருஷம் பூஜைக்கு முன்னால் வனஜாவின் தம்பி குமார் லீவில் வந்து இறங்கினான். சைதாப்பேட்டைக்காரன். மயிலாப்பூரில் மெட்ரோவுக்குத் தோண்டுகிறார்களே, அங்கே சூப்பர்வைசர். என்னைப் போலவே அவனுக்கும் விரிசல் விழுந்த வீடுகளோடுதான் காலட்சேபம். ஆனால் அவனுக்கு மீட்டரை விடத் திட்டுத்தான் அதிகம் கிடைக்கும். கச்சேரி ரோடு பக்கம் ஒரு மாமி தினமும் அவனைப் பிடித்துக்கொள்வாராம். “எங்காத்துச் செவுத்துல விரிசல் விட்டுண்டே போறது, நீ என்னடான்னா ஒண்ணுமில்லேங்கறே” என்று நடித்துக் காட்டுவான். அவன் ஒருநாள் போகவில்லையென்றால், ஏண்டா நேத்து வரலை என்று அதற்கும் திட்டாம். அந்தத் திட்டோடு ஒரு டம்ளர் காப்பியும் வரும் என்பதை மட்டும் கடைசியில் சொல்வான்.

வந்த அன்றே தெருவைச் சுற்றிவிட்டு வந்து, “இன்னா மாமா, அல்லார் ஊட்டு வாசல்லயும் திருஷ்டி பூசணி வெச்சிகினு கீறாங்க? மூஞ்சியெல்லாம் செதுக்கி வெச்சிருக்கானுங்க, நம்மூர விட சூப்பரா கீது” என்றான். ஹாலோவீன் பண்டிகை, பேய் வேஷம், பிள்ளைகளுக்கு மிட்டாய் என்று என் மகள் நிலா தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினாள். பேயை ஓட்டுவதுதானே, நாமும் அதற்குத்தானே வைக்கிறோம் என்று அவன் ஒரே வரியில் முடித்துவிட்டான். நிலா சிரித்தாள். எங்களோடு சாப்பாட்டு மேஜையில் உட்காரவே பிகு பண்ணுகிறவள், அவன் இருந்த நாட்களில் அவன் பின்னாலேயே திரிந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சைட்டைக் காட்டக் கூட்டிப்போனேன். ஃப்ரீவே பள்ளத்தையும் தூண்களையும் பார்த்து, இவ்ளோ பெரிய வேலைக்கு ஒரு எலுமிச்சம்பழம்கூட நசுக்கவில்லையா என்றுதான் கேட்டான். அப்படியே எஸ்தர் வீட்டுக்கும் போனோம். சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்த ‘பை’ என்கிற இனிப்பை வெட்டிக் கொடுத்தார். அவன் ஆங்கிலம் அவருக்குப் புரியவில்லை, அவர் ஆங்கிலம் அவனுக்குப் புரியவில்லை, ஆனால் இரண்டு பேரும் விடாமல் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த ஜன்னலையும் கூடத்து விரிசலையும் அவனுக்குக் காட்டினார். குமார் விரிசல் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே வரை தடவிப் பார்த்தான்.

காரில் திரும்பும்போது விரலில் ஒட்டிய சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டே வந்தான். அப்புறம், “ஊடு நல்ல ஊடு மாமா. அந்தம்மா மேலதான் கண்ணு பட்டிருக்கு” என்றான்.

4

பூஜையன்று காலை குமார் ஒரு பெரிய ஆரஞ்சு நிறப் பூசணியின் தலையைச் சீவி, உள்ளே குங்குமத்தைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலே கற்பூரத்தை வைத்துத் தயாராகிவிட்டான். வெள்ளைப் பூசணி கிடைக்காத குறை அவனுக்கு. எங்கள் அடுக்ககத்து வாசலில் உடைக்க வனஜா விடவில்லை. கதவுக்கு வெளியே செருப்பு விட்டதற்கே குடியிருப்போர் சங்கத்திலிருந்து எச்சரிக்கை வந்த வீடு எங்களுடையது. சரி, வேலைக்குப் போகிற வழியில் எங்காவது காலி மனையில் உடைத்துவிடு என்று நான்தான் சொன்னேன். பூசணியை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி வருகிறவன் மாதிரி காரில் ஏறினான்.

முதலில் எஸ்தர் வீட்டு மீட்டர். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. பின்கட்டில் குனிந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தொப்பென்று சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால், தெரு முனையில், அவர் வாசற்படிக்கு நேர் எதிரே, பூசணி சிதறிக் கிடக்கிறது. சுற்றிலும் சிவப்பு. குமார் திரும்பிப் பார்க்காமல் என்னை நோக்கி நடந்து வந்தான். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

“முச்சந்தியிலதான ஒடைக்கணும் மாமா. அந்தம்மா பேரச் சொல்லித்தான் சுத்துனேன்.”

அள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றாமல் இல்லை. ஆனால் வேலைக்கு நேரமாகிவிட்டது, உடைத்ததை உடனே அள்ளுவதும் ஒருமாதிரி இருந்தது. அப்பா உடைத்ததை எவன் அள்ளினான்? காரை எடுத்துவிட்டேன்.

5

மத்தியானம் எஸ்தர் போன் செய்தார். கொஞ்சம் வர முடியுமா என்று மட்டும் கேட்டார். குரல் சரியில்லை.

வீட்டு உடுப்பின் மேல் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். குங்குமத் தண்ணீர் காய்ந்து கறுத்து, யாரையோ வெட்டிப் போட்ட இடம் மாதிரி இருந்தது தெரு முனை. காலையில் எனக்கு அது பூசணிக்காய். இப்போது அவர் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் அது என்னவென்று தெரிந்தது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம்.

“முதல்ல சீட்டு. அப்புறம் கல்லு. இப்ப இது” என்றார். “என் வாசலுக்கு நேரா. இது என்ன ரவி? உனக்கு ஏதாவது புரியுதா?”

போலீஸைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது இரண்டே வாக்கியம். என் மச்சான் செய்தது, உங்கள் நல்லதுக்குச் செய்தான். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமாகக் கூட்டம் கூட்டமாக நிற்கிற ஜனங்களிடம் அதிர்வுக் கணக்கையே விளக்குகிறவன் நான். குமார் விசிட்டர் விசாவில் வந்திருக்கிறான், ஏடாகூடமாகிவிடும் என்று நினைத்தேன். அடுத்த மாதம் என் குடியுரிமை நேர்காணல். அந்த விண்ணப்பத்தில், கைதாகாமல் தப்பித்த குற்றம் ஏதாவது செய்ததுண்டா என்று ஒரு கேள்வி கேட்பார்கள். மாம்பலத்தில் டிக்கெட் எடுக்காமல் ரயிலேறியதைச் சொல்லலாமா என்று வீட்டில் கிண்டல் செய்துகொண்டிருந்தோம். அதுவும் நினைவுக்கு வந்தது. வேலையிடத்துக்கு வெளியாளைக் கூட்டி வந்தது கம்பெனிக்குத் தெரிந்துவிடுமே என்றும் நினைத்தேன்.

இதெல்லாம் பிற்பாடு நானாகச் சேர்த்துக்கொண்ட காரணங்கள். முதலில் வந்தது கூச்சம். கண்ணேறு கழியக் காய்கறியை நடுத்தெருவில் போட்டு உடைக்கிறவர்கள் நாங்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்பாவை, அம்மாவை, மந்தைவெளியை, மொத்தமாக எல்லாரையும் நினைத்துக் கூசினேன். அதுதான் உண்மை.

“ஹாலோவீன் வருதில்ல, பசங்க வேலையா இருக்கும். போலீஸெல்லாம் எதுக்கு? தண்ணிக் குழாய் எங்க இருக்கு, நான் கழுவி விட்டுடறேன்” என்றேன்.

குழாயைக் காட்டினார். நான் குனிந்து துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டு, சிவப்பெல்லாம் சாக்கடைக்குள் ஓடும்வரை பீய்ச்சி அடித்தேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். முடித்ததும் நன்றி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

6

வீட்டில் வந்து சொன்னதும் குமார் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துவிட்டான். கையைக் கழுவினான், சட்டையை மாட்டினான். எங்கே என்று கேட்டேன்.

“நான் போய் சொல்லிட்டு வந்துட்றேன் மாமா. பயந்துகினு இருப்பாங்க.”

நான் விடவில்லை. விசா, போலீஸ், நேர்காணல் எல்லாவற்றையும் அடுக்கினேன். உனக்கு இந்த ஊர் தெரியாது, இது சைதாப்பேட்டை இல்லை என்றேன். வனஜா தம்பி பக்கம் ஏதோ சொல்ல வந்தாள், அவளையும் அடக்கினேன். சத்தம் போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

குமார் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டான். “நல்லா இருக்கணும்னுதான மாமா ஒடச்சேன்” என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அதற்குப் பிறகு ஊருக்குக் கிளம்பும் வரை அவன் தனியாகக் கடைத்தெருவுக்குக்கூடப் போகவில்லை. எதைத் தொடுவதானாலும் இது பரவாயில்லையா மாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எப்போதும் வாய் ஓயாத பயல் அவன். விருந்துக்கு வந்தவனைக் கூண்டில் அடைத்த மாதிரி ஆகிவிட்டது.

நிலா எல்லாவற்றையும் தன் அறை வாசலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அவளுக்கு அப்போது வயது பதினாறு. அடுத்த நாள் காரில் ஸ்கூலுக்குப் போகும்போது, அப்பா, நீ மாமாவைக் காப்பாத்தினியா, உன்னைக் காப்பாத்திக்கிட்டியா என்று கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள். நான் தமிழில், பெரியவர்கள் விஷயத்தில் தலையிடாதே என்றேன்.

ஊருக்குப் போன பிறகு குமார் போன் செய்யும்போதெல்லாம் மறக்காமல், “அந்தம்மா சொவுரு எப்டி கீது?” என்று கேட்பான். நன்றாக இருக்கிறது என்பேன். சுவரைப் பற்றி நான் சொன்னதில் ஒருநாளும் பொய் இல்லை. மீட்டர் ஒருமுறைகூட அளவைத் தாண்டியதில்லை, விரிசல் ஒரு மயிரிழை கூட அகலவில்லை. எஸ்தரிடமும் வாரா வாரம் அதையே சொன்னேன். முன்பெல்லாம் உள்ளே வா, உட்கார் என்பார். இப்போது கதவைப் பாதி திறந்து, கேட்டுக்கொண்டு, சரி என்று மூடிவிடுவார். குளிர் காலம், கதவைத் திறந்து வைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வதற்கு மனுஷனுக்கு எவ்வளவோ இருக்கிறது.

7

நேர்காணலில் அந்தக் கேள்வியைக் கேட்ட அதிகாரி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இல்லை என்றேன், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கொடியைப் பிடித்துக்கொண்டு உறுதிமொழி எடுத்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டோம். ஊருக்கு அனுப்பினேன், எல்லாரும் கை தட்டினார்கள்.

பனி உருகிய சமயம், நிலாவை எங்கோ கூட்டிப்போய்விட்டு வரும் வழியில் எஸ்தர் தெருவைத் தாண்டினோம். வாசலில் சாமான் வண்டி நின்றிருந்தது. புல்தரையில் விற்கப்பட்டது என்று பலகை. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. நிலாதான் நிறுத்து என்றாள். நிறுத்தினேன்.

“நீ சொல்றியா, இல்ல நான் சொல்லட்டா?” என்றாள். இந்த முறை தமிழில் கேட்டாள்.

இரண்டு பேரும் இறங்கிப் போனோம். கூடம் காலியாக இருந்தது. அட்டைப்பெட்டிகள், சுருட்டிய கம்பளம், தங்கை மகன் ஒருவன் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டிருந்தான். தரகரின் ஆள் ஒருவன் சாவிக்காக வாசலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். எஸ்தர் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் ஊர்ப் பழக்கம், குமார், அவர் பேரைச் சொல்லிச் சுற்றியது, நான் பின்கட்டில் நின்றது, அவனை வரவிடாமல் தடுத்தது. சொல்லச் சொல்ல அது ஒன்றும் வெட்கப்படுகிற பழக்கமாகவே இல்லை. வெட்கப்பட வேண்டியவன் நான் ஒருத்தன்தான் அந்தக் கதையில் இருந்தேன்.

“யாரு, பை சாப்பிட்டானே, அந்தப் பையனா?” என்றார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. பிறகு சிரிப்பு போய்விட்டது.

“பூசணிக்காய்க்கு நான் பயப்படலை ரவி. கல்லுக்கே பயப்படாதவ நான். நீ கழுவினதைப் பாத்துத்தான் பயந்தேன். யாரு செஞ்சாங்க, எப்ப பாத்தீங்க, ஒரு வார்த்தை நீ கேக்கலை. குழாய் எங்கேன்னுதான் கேட்டே. உனக்குத் தெரியும்னு எனக்கு அங்கேயே தெரிஞ்சுபோச்சு. அன்னிக்கு உள்ள வந்து இந்தச் சுவரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். ஒரு பூசணிக்காய்க்குப் பொய் சொல்றவன், இத்தனை நாளா இதைப் பத்தி என்ன சொல்லியிருப்பான்?”

நிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னக் குழந்தையாக இருந்தபோது பிடித்தது, அதற்கப்புறம் இப்போதுதான்.

“சுவரைப் பத்தி நான் சொன்னது அத்தனையும் நிஜம்” என்றேன். “அது உறுதியாத்தான் இருக்கு. உங்க காலத்துக்கும் அசையாம நின்னிருக்கும்.”

எஸ்தர் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் எழுந்து சுவர்ப் பக்கம் போய், அந்த விரிசல் மேல் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

“இப்ப நம்பறேன்” என்று சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் அந்த ஆளிடம் சாவியைக் கொடுத்தார்.